மூன்று லிட்டர் வெயில்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பாதவனாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் சீடனுக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தாறு. குரு ஒரு பெண், பெயர் வெயிலுகந்தாள்.

சிப்பிக்கரை ஒரு மணல்திட்டு. மூன்று பக்கமும் கடல். ஊரில் ஆறு கிணறுகள், ஆறிலும் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கேன் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை படகில் வரும். வந்த வேகத்தில் தீர்ந்தும் போகும்.

கருவாடு காயப்போடும் களத்தை ஒட்டி வெயிலுகந்தாள் பன்னிரண்டு தொட்டிகள் வைத்திருந்தாள். செங்கல் தொட்டி, உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே சாய்வாக ஒரு கண்ணாடி மூடி. உள்ளே உப்புத் தண்ணீரை விட்டால் வெயிலில் சூடேறி ஆவியாகும். ஆவி கண்ணாடியின் அடிப்பக்கம் ஒட்டித் துளியாகும். துளி சரிவில் வழிந்து, ஓரத்துக் குழாய் வழியாக வெளியே இருக்கும் பானையில் சொட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கடலுக்குக் கோடிக்கணக்கான வருடங்களாக வெயில் செய்கிற வேலைதான், இங்கே கொஞ்சம் சின்னதாக நடந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கும் அந்தத் தண்ணீர் போயிற்று.

யாராவது புகழ்ந்தால், "வெயில் காய்ச்சுது, நான் கண்ணாடி துடைக்கேன்" என்பாள். அதற்கு மேல் அவளிடம் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஒரு நாள் காலையில் பொன்னுலிங்கம் அவளைத் தேடி வந்தார். சட்டைப் பையில் பென்சில், கையில் கோடு போட்ட நீள நோட்டு. முப்பத்து நான்கு வருடம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்.

"தண்ணி எடுக்கப் படிக்கணும்" என்றார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எம் பொஞ்சாதிக்கு. கல்லு வந்து ஒரு கிட்னிய எடுத்தாச்சு. இனிமே உப்புத் தண்ணி ஒரு சொட்டு ஆகாதாம். நல்ல தண்ணி நாளுக்கு மூணு லிட்டர் குடிக்கணுமாம். மக ஓசூருக்குக் கூப்பிடுதா. இவ கடல விட்டு வரமாட்டேங்கா. இருக்க ஒத்தக் கிட்னியும் போச்சுன்னா..."

முடிக்க முடியாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு விடியக்காலம் வாங்க" என்றாள் வெயிலுகந்தாள்.

"வாரேன் வாத்தியாரம்மா."

தன் அப்பா வயதுள்ள மனிதர் வாத்தியாரம்மா என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் கேலி செய்யவில்லை. பிறகும் அவர் அவளை அப்படியேதான் கூப்பிட்டார்.

மறுநாள் ஒரு தொட்டியைக் காட்டி, "இது உங்க தொட்டி. தண்ணி ஊத்துங்க" என்றாள். எவ்வளவு என்று சொல்லவில்லை. நிறைய ஊற்றினால் நிறைய வரும் என்று பொன்னுலிங்கம் விளிம்பு வரை ஊற்றினார். சாயங்காலம் மற்ற தொட்டிகளின் பானைகள் நிறைந்திருந்தன. அவர் பானையில் அரை டம்ளர்.

"என்ன வாத்தியாரம்மா இது?"

"நீங்கதான பாய்லர்க்காரர். நீங்க சொல்லுங்க."

அவர் யோசித்தார். அவ்வளவு தண்ணீரும் சூடேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க முப்பத்து நான்கு வருட அனுபவம் வேண்டியதில்லை, அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்றினார். இரண்டு லிட்டர் கிடைத்தது.

மூன்றாம் நாள் ஒரு தெர்மாமீட்டர் கொண்டு வந்தார். மணிக்கொரு தரம் கண்ணாடியைத் தூக்கி, சூட்டை அளந்து நோட்டில் எழுதினார். சாயங்காலம் பானையில் கால் லிட்டர்கூட இல்லை.

வெயிலுகந்தாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மதினி இட்லி அவிக்கும்போது நீங்க சட்டி மூடிய எத்தன தடவ தெறப்பீய?"

"நான் எதுக்குத் தெறக்கேன்? அவ கரண்டியாலயே போடுவா."

"அதான் உங்க வீட்ல இட்லி வேகுது."

பொன்னுலிங்கம் தன்னை மறந்து சிரித்தார். பல மாதம் கழித்துச் சிரித்த சிரிப்பு அது. தெர்மாமீட்டர் அதற்குப் பிறகு வரவில்லை.

"வெயிலுக்கு வேகம் ஏத்த ஒரு வழியும் கெடையாதா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கெடையாது."

"நூத்து முப்பது கிலோ பிரஷர்ல ஆவி பாத்தவன் நான். சும்மா உக்காந்திருக்கச் சொன்னா கை கேக்க மாட்டேங்குது."

"கண்ணாடியத் துடைங்க" என்றாள் அவள்.

துடைத்தார். காக்கை எச்சம், கடற்காற்று கொண்டுவந்த உப்புப் படலம், மணல். தினமும் விடியற்காலையில் பன்னிரண்டு கண்ணாடிகளையும் துடைத்தார். ஒரு மாதம் போனதும் வெயிலுகந்தாள் தானே ஒரு கண்ணாடியைத் தலையில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தாள். இரண்டு பேரும் மொட்டை மாடியில் தொட்டி கட்டினார்கள். முதல் நாளே மூன்று லிட்டர் இறங்கியது. பானையில் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் மாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதார். வெயிலுகந்தாள் பார்க்காத மாதிரி படி இறங்கிப் போனாள்.

அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. முதல் செம்பை அவர் நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"நீங்க ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுங்க."

"எனக்கு எதுக்குளா? நான் கெணத்துத் தண்ணி குடிச்சு வளந்த கட்டை. இது மூணே லிட்டர். மூணும் ஒனக்கு."

மறுநாளும் அவள் சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள். பிறகு சொல்லவில்லை. அவள் பழகிக்கொண்டாள் என்று பொன்னுலிங்கம் எடுத்துக்கொண்டார்.

பாய்லர் அறையில் மணிக்கு மணி அளவு குறிக்கிற பழக்கம் அவருக்குக் கையோடு ஒட்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு அரை லிட்டர். எட்டு மணிக்கு அரை லிட்டர். அப்படி ஆறு செம்பு. செம்பை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போவார். திரும்பி வந்து செம்பு காலியாக இருந்தால் நோட்டில் ஒரு டிக்.

ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டு வேலையும் அவர்தான். பெருக்கினார், சோறு வடித்தார், துணி துவைத்தார். தங்கபுஷ்பம் எழுந்தால், "நீ உக்காரு" என்பார். ஒரு நாளைக்கு அவர் அவளோடு பேசுவதில் பாதி அந்த இரண்டு வார்த்தைதான். அன்பில்லாமல் சொல்லவில்லை, அவர் உயிரே அவளிடம்தான் இருந்தது. அதனால்தான் அவ்வளவு கண்டிப்பு.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு காலையில் தங்கபுஷ்பம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். படகு பிடித்து டவுனுக்குப் போனார்கள். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"புதுசா ரெண்டு கல் இருக்கு. தண்ணி குடிக்கச் சொன்னேனே?"

பொன்னுலிங்கம் நோட்டை மேஜைமேல் வைத்தார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு டிக்கூட விட்டுப்போகவில்லை.

"இந்த நோட்டு உண்மைன்னா என் ஸ்கேன் பொய்" என்றார் டாக்டர். "ஐயா, இருக்கறது ஒண்ணே ஒண்ணு. இப்படியே இன்னும் ரெண்டு மாசம் போனா அதுவும் நிக்காது."

தங்கபுஷ்பம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பொன்னுலிங்கம் களத்துக்கு வந்தார். அவர் அவ்வளவு கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"வாத்தியாரம்மா, உங்க தண்ணியில கோளாறு."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? இந்தா நோட்டு. நீங்களே பாருங்க. ஒரு வேள தப்பல. பெறகு கல்லு எங்க இருந்து வந்துது?"

அவள் நோட்டை வாங்கவில்லை. கண்ணாடி துடைத்த துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டாள்.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

நல்ல வெயில். மணல் சுட்டது. வீடு வந்ததும் பொன்னுலிங்கம் மாடிப்படியில் கால் வைத்தார். வெயிலுகந்தாள் மாடிக்குப் போகவில்லை. கால் கழுவ வீட்டுக்குப் பின்னால் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

உடை முள் மரத்தைத் தவிர எதுவும் பிழைக்காத மண் அது. அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது. இலை ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது.

"இது எப்ப வச்சது அண்ணாச்சி?"

"அவ எப்பவோ குச்சியா நட்டுவச்சா. ரெண்டு மாசமாத்தான் இப்படித் தழையுது."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமா. சில மண்ணு அப்படித்தான்."

அவள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். வீட்டுக்குள் போய்த் தங்கபுஷ்பத்தின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"வா தாயி" என்றாள் தங்கபுஷ்பம். முகம் வீங்கியிருந்தது.

"மதினி, குடிக்கத் தண்ணி குடுங்க."

தங்கபுஷ்பம் சட்டென்று எழுந்தாள்.

"நீ உக்காரு, நான் எடுக்கேன்" என்றார் பொன்னுலிங்கம்.

"நான் மதினிகிட்டதான கேட்டேன்" என்றாள் வெயிலுகந்தாள்.

அவர் நின்ற இடத்தில் நின்றார்.

தங்கபுஷ்பம் அடுக்களைக்குள் போனாள். சாமி படத்துக்குக் கீழே ஒரு ஓலைக் கூடை கவிழ்ந்து கிடக்கும். அவர் தினமும் அதைச் சுற்றித்தான் பெருக்கினார். அவள் அந்தக் கூடையைத் தூக்கினாள். உள்ளே ஈரத் துணி சுற்றிய சின்ன மண்பானை இருந்தது. டம்ளரில் மொண்டு, வழியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இடுப்பு வலிக்கிற பெண் மாதிரியே தெரியவில்லை.

வெயிலுகந்தாள் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். அதையும் குடித்தாள்.

"எந் தொட்டித் தண்ணி இப்படி இனிக்காதே மதினி. இதுல என்ன போட்டிருக்கீய?"

"நெல்லிக்கட்டை. ஆவித் தண்ணி சப்புன்னு இருக்குல்லா. ஒரு துண்டு நெல்லிக்கட்டை கெடந்தா தொண்டையில நல்லா எறங்கும்."

"யாருக்கு எடுத்துவச்சிருக்கீய?"

தங்கபுஷ்பம் முந்தானையால் டம்ளரின் அடியைத் துடைத்தாள்.

"இவுகளுக்குத்தான்."

"எனக்கா?" என்றார் பொன்னுலிங்கம்.

"தெனமும் எடுத்து வைக்கேன். என்னிக்காவது குடிப்பாகன்னு. மறுநாள் பழசாயிருதுல்லா, அத செடிக்கு ஊத்திட்டுப் புதுசு வைக்கேன்."

பொன்னுலிங்கத்தின் கையில் நோட்டு இருந்தது. அதை விரித்து அவளிடம் காட்டினார்.

"அப்ப இது?"

"அது கறிவேப்பிலை குடிச்சது."

வெயிலுகந்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுலிங்கம் சிரிக்கவில்லை.

"நீ என்ன குடிச்ச?"

"நீங்க என்ன குடிச்சீயளோ அது."

"கெணத்துத் தண்ணியா? ரெண்டு மாசமாவா? செத்துப்போவேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"எறங்கல."

அவள் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. வெயிலுகந்தாள் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அவளிடம்தான் சொன்னாள்.

"நல்லத எனக்குக் குடுத்துட்டு உப்ப இவுக குடிக்கிறாக. நான் பாத்துக்கிட்டே எப்படித் தாயி குடிப்பேன்? முப்பத்து நாலு வருசம். எட்டு மணி நேரம் அந்தத் தீ முன்னால நின்னுட்டு வருவாக. வாசல்ல செருப்பக் கழட்டும்போதே, 'புஷ்பம், தண்ணி'ம்பாக. நான் கொண்டுபோய்க் குடுப்பேன். இப்ப ஆபரேசன் ஆனதுல இருந்து எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்காக. உப்பு டப்பா எங்க இருக்குன்னுகூடக் கேக்கல. அவுகளே தேடி எடுத்துக்கிடுதாக. மூணு நேரமும் எனக்குக் குடுக்காக, குடுக்காக, குடுத்துக்கிட்டே இருக்காக. நான் இந்த வீட்ல இருக்கேனா, வச்சிருக்காகளா?"

அழுதாள். வெயிலுகந்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வெளியே வந்தாள்.

பொன்னுலிங்கம் வாசல் படலுக்கு வெளியே வந்து அவளை மறித்தார். வெயில் உச்சியில் நின்றது. நோட்டை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"வாத்தியாரம்மா, நீங்க சொல்லுங்க. அவள எப்படிக் குடிக்க வைக்க?"

அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நான் ஒரு டம்ளர் குடிச்சா அவளுக்கு ஒரு டம்ளர் கொறையுமே. டாக்டர் மூணு லிட்டர்னு கணக்கா சொல்லியிருக்காரு. வாரதே மூணு லிட்டர். நான் எப்படிக் குடிக்க?"

"இப்ப அவுக வயித்துக்குள்ள எவ்வளவு போவுது?"

அவர் தலையைக் குனிந்தார்.

"ஒண்ணும் போகல."

"ஒண்ணுமில்லாததுல இருந்து எவ்வளவு கொறையும் அண்ணாச்சி?"

பாய்லர்க்காரர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு இன்னொரு கண்ணாடி கொண்டாரேன்" என்றாள். "ரெண்டாவது தொட்டி கட்டிருவோம். ஒரு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

வெயிலுகந்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"காலையில இருந்து ஏதாவது குடிச்சீயளா?"

"இல்ல."

"தாகமா இருக்கா?"

அவர் எச்சில் விழுங்கப் பார்த்தார். வாயில் எச்சில் இல்லை.

"இருக்கு வாத்தியாரம்மா. ரொம்பத் தாகமா இருக்கு."

"அத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" என்றாள் அவள். "உள்ள போய்ச் சொல்லுங்க."